அமெரிக்காவில் ஆறு மாதம்: பிள்ளைகள் வீட்டுக்குப் புறப்படும் பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

மகளுக்குப் பேறுகாலம் நெருங்குகிறது என்றோ, மகன் புது வீடு வாங்கியிருக்கிறான் என்றோ அமெரிக்காவிலிருந்து செய்தி வந்த அன்றே பெரும்பாலான வீடுகளில் பயண ஏற்பாடு தொடங்கிவிடுகிறது. ஆனால் அது தொடங்கும் இடம் சமையலறையாக இருக்கிறது. பருப்புப் பொடியும் வேப்பம்பூ வற்றலும் டப்பாக்களில் அடைபட்ட பிறகுதான் கடவுச்சீட்டு இன்னும் சில மாதங்களில் காலாவதியாகப்போவதும், விசா நேர்காணலுக்கு நாள் கிடைக்காமல் இருப்பதும், ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றிதழ் நவம்பரில் கொடுக்க வேண்டியிருப்பதும் நினைவுக்கு வருகின்றன. ஆகவே இந்த வழிகாட்டி முதலில் காகிதங்களையும், அடுத்து உடலையும், பிறகு பூட்டிவிட்டுப் போகும் வீட்டையும் பார்த்துவிட்டு, பெட்டிக்குக் கடைசியாகவே வருகிறது.

முதல் படி: கடவுச்சீட்டும் அதில் உள்ள பெயரும்

கடவுச்சீட்டின் காலம் ஓராண்டுக்குள் முடிவதாக இருந்தால் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே புதுப்பித்துவிடுவது நல்லது. பழைய கடவுச்சீட்டில் செல்லத்தக்க அமெரிக்க விசா ஏற்கெனவே இருந்தால், புதியதைப் பெற்றுக்கொண்டு இரண்டையும் சேர்த்து எடுத்துச் செல்லலாம். கடவுச்சீட்டு ரத்தாகிவிட்டதால் விசாவும் ரத்தாகிவிட்டது என்று பொருளில்லை.

காலத்தை விடவும் நம்மவர்களுக்குத் தொல்லை தருவது பெயர். தமிழர்களில் பலருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தோடு வாழ்ந்துவிட்டோம். கடவுச்சீட்டில் குடும்பப்பெயருக்கான இடம் வெறுமையாக இருந்து, இயற்பெயர் மட்டும் அச்சாகியிருந்தால், அமெரிக்க விசா விண்ணப்பத்தில் அந்த இயற்பெயரையே குடும்பப்பெயர் கட்டத்தில் எழுதி, இயற்பெயர் கட்டத்தில் ‘எஃப்என்யூ’ (FNU) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை இட வேண்டும். முதற்பெயர் தெரியவில்லை என்பதற்கான குறி அது. விசாவிலும் அப்படியே அச்சாகும். அதைக் கண்டு பதற வேண்டாம். ஆனால் கடவுச்சீட்டை எப்படியும் புதுப்பிக்கப் போகிறீர்கள் என்றால், அப்போதே முதலெழுத்தை விரித்து இரண்டு கட்டங்களும் நிரம்பும்படி பெயரைப் பிரித்துப் போட்டுக்கொள்வது பின்னாளில் பல விளக்கங்களை மிச்சப்படுத்தும். வழியில் துபாயில் இரண்டு நாள் இறங்கிச் சுற்றிப் பார்க்க எண்ணுகிறவர்களுக்கு இது கட்டாயமே ஆகிவிடக்கூடும். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் முதல் சுற்றுலா விசாவை மறுத்து வருகிறது.

இரண்டாம் படி: விசா

பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோருக்குரியது பி-1/பி-2 எனப்படும் வருகையாளர் விசா. டிஎஸ்-160 என்ற இணையப் படிவத்தை நிரப்பி, கட்டணம் செலுத்தி, இரண்டு முன்பதிவுகளைப் பெற வேண்டும். முதலாவது விரல்ரேகையும் புகைப்படமும் கொடுக்கும் மையத்தில். இரண்டாவது தூதரகத்தில் நேர்காணல். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அது சென்னை அண்ணா சாலையில், ஜெமினி மேம்பாலத்தின் அருகில் உள்ள துணைத் தூதரகம். 2023 ஜூன் முதல் கட்டணம் 185 டாலர். இதற்கு மேல் 250 டாலர் கூடுதல் கட்டணம் விதிக்க வழிசெய்யும் சட்டமும் 2025இல் அங்கே நிறைவேறியிருக்கிறது என்பதால், பணம் கட்டும் நாளில் அதிகாரப்பூர்வத் தளம் காட்டும் தொகையையே கணக்கில் கொள்ளுங்கள். எண்பது வயதை எட்டியவர்களுக்கு நேர்காணல் தேவையில்லை என்று பலர் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பொது விலக்கு 2025 செப்டம்பர் 2 முதல் நீங்கிவிட்டது. நேர்காணல் நாள் கிடைக்கப் பல மாதங்கள் ஆகலாம் என்பதால், பேறுகாலத்துக்குச் செல்கிறவர்கள் செய்தி தெரிந்த வாரத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

படிவத்தைப் பிள்ளைகள் அங்கிருந்தபடியே நிரப்பி அனுப்புவது வழக்கம். அதில் தவறில்லை; ஆனால் நிரப்பியதைப் பெற்றோர் ஒரு முறை வரிக்கு வரி படித்துப் பார்க்காமல் நேர்காணலுக்குப் போவதில்தான் தவறு இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆண்டு, முன்பு பெற்ற அல்லது மறுக்கப்பட்ட விசா, அமெரிக்காவில் உள்ள உறவினர்களின் குடியுரிமை நிலை ஆகியவற்றில் படிவம் ஒன்றும் வாய்ச்சொல் வேறொன்றுமாக இருந்தால் அதிகாரிக்கு ஐயம் எழும்.

நேர்காணல் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும், தமிழிலேயே பேசலாம். அமெரிக்கச் சட்டம் ஒவ்வொரு விண்ணப்பதாரரையும் அங்கேயே தங்கிவிட எண்ணுபவர் என்று முதலில் கருதுகிறது. அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பு நம்முடையது. மகனின் சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கையும் தடிமனான கோப்பாகத் தைத்துக் கொண்டுபோகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: அழைப்புக் கடிதமோ பிள்ளைகளின் உறுதிமொழியோ தேவையில்லை, விண்ணப்பதாரரின் சொந்த ஊர்ப் பிணைப்பே பார்க்கப்படும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறையே எழுதி வைத்திருக்கிறது. உங்கள் ஓய்வூதியம், வீடு, நிலம், இங்கே இருக்கும் மற்ற பிள்ளைகள், பார்த்துக்கொள்ள வேண்டிய வயதான தாயார் ஆகியவையே உங்கள் தரப்பு வாதங்கள்.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ‘பேரனைப் பார்க்கப் போகிறேன்’ என்பதும் ‘பேரனைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன்’ என்பதும் நம் பேச்சில் ஏறக்குறைய ஒன்றுதான். மொழிபெயர்ப்பில் முன்னது உறவைப் பார்க்கும் பயணமாகவும், பின்னது குழந்தை பராமரிக்கும் வேலையாகவும் மாறிவிடக்கூடும். வருகையாளர் விசாவில் வேலைக்கு இடமில்லை. மகளோடு சில மாதங்கள் இருந்துவிட்டு இன்ன மாதம் திரும்புவோம் என்ற உண்மையைச் சுருக்கமாகவும் நேராகவும் சொல்லுங்கள். கேட்காததற்கு விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். கைப்பேசியை உள்ளே அனுமதிக்க மாட்டார்கள் என்பதால், அதை உடன் வருபவரிடம் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.

விசா கையில் வரும்வரை திரும்பப் பணம் கிடைக்காத பயணச்சீட்டை வாங்காதீர்கள். விலை ஏறிவிடும் என்று பிள்ளைகள் அவசரப்படுத்தினாலும் வாங்காதீர்கள்.

மூன்றாம் படி: உடல்

புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பு குடும்ப மருத்துவரிடம் முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதைவிட முக்கியமாகப் பல் மருத்துவரிடம் போங்கள். ஆட்டம் காணும் பல்லும் பாதியில் நிற்கும் வேர்ச் சிகிச்சையும் அங்கே போய் வலியெடுத்தால், வருகையாளர் காப்பீடு அதற்குப் பெரும்பாலும் கைகொடுக்காது. செலவோ பிள்ளைகளைத் திடுக்கிட வைக்கும். மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் இன்னொரு கண்ணாடியும், காதுக் கருவி அணிபவர்கள் அதற்குரிய மின்கலங்களும் எடுத்துச் செல்ல வேண்டும்.

மருந்துகளுக்கு விதி இருக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்குப் பொதுவாகத் தொண்ணூறு நாள் அளவுக்கு மேல் கொண்டுவரக் கூடாது என்பது அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டுதல். அதற்கு மேல் தங்குகிறவர்கள் மருத்துவர் கடிதம், கடவுச்சீட்டு, விசா ஆகியவற்றின் நகல்களோடு எஞ்சியதை வரவழைத்துக்கொள்ளலாம். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து வெறும் டப்பாவில் கொட்டாதீர்கள். மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் வணிகப் பெயரோடு மூலப்பெயரும் ஆங்கிலத்தில் தெளிவாக இருக்கட்டும். மூலப்பெயரிலும் இரண்டு வேறுபாடுகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: நம் பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், மூச்சிரைப்புக்கு உறிஞ்சும் சால்பியூட்டமால் அங்கே ஆல்பியூட்டரால். எல்லா மருந்தும் கைப்பையிலேயே வர வேண்டும். இன்சுலினைச் சரக்குப் பகுதியில் போடும் பெட்டியில் வைத்தால் உறைந்து கெடக்கூடும்.

வேளை தவறாமல் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: நேரம் மாறும்போது அடுத்த வேளை எப்போது? நியூயார்க் போன்ற கிழக்குப் பகுதி இந்திய நேரத்துக்குக் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் பின்னே இருக்கிறது. கலிபோர்னியா பதின்மூன்றரை, பன்னிரண்டரை. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்கள் இதைத் தாமாகக் கணக்கிடாமல், பயண நாளுக்கான அட்டவணையை மருத்துவர் கையாலேயே எழுதி வாங்குவது நல்லது.

நான்காம் படி: காப்பீடு

பெற்றோர் பலர் இதை வீண் செலவு என்று எண்ணிப் பிள்ளைகளோடு சண்டை போடுகிறார்கள். மற்ற எதில் சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மூத்தோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவத் திட்டம் வருகையாளர்களுக்குப் பொருந்தாது. ஒரு சில நாள் மருத்துவமனையில் படுத்தாலே பல ஆயிரம் டாலர் ஆகும்.

இந்திய நிறுவனங்கள் விற்கும் பயணக் காப்பீடும் உண்டு. அமெரிக்க நிறுவனங்கள் விற்கும் வருகையாளர் காப்பீடும் உண்டு. அமெரிக்கத் திட்டங்கள் இரு வகைப்படும். விலை குறைந்த வகை, மருத்துவர் சந்திப்புக்கு இவ்வளவு, ஒரு நாள் படுக்கைக்கு இவ்வளவு என்று முன்பே வரையறுத்த தொகையை மட்டும் கொடுக்கும். மீதி எத்தனை ஆயிரமானாலும் நம் தலையில். விரிவான வகையில், தொடக்கத்தில் நாம் ஏற்க வேண்டிய ஒரு தொகையைக் கட்டிய பிறகு, உச்சவரம்பு வரையிலான செலவின் பெரும்பகுதியை நிறுவனம் ஏற்கும். இரண்டுக்கும் விளம்பரத்தில் ஒரே ‘ஒரு லட்சம் டாலர்’ எழுதியிருக்கும் என்பதால்தான் ஏமாற்றம் நேர்கிறது. எது வாங்கினாலும் மூன்று இடங்களைத் தேடிப் படியுங்கள்: ஏற்கெனவே உள்ள நோய் திடீரென முற்றினால் என்ன வரம்பு, எழுபது வயதுக்கு மேல் அந்த வரம்பு எப்படிச் சுருங்குகிறது, மகன் குடியிருக்கும் ஊரில் எந்த மருத்துவமனைகள் அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் வலையமைப்பில் உள்ளன. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருப்பதை மறைத்து வாங்கிய காப்பீடு, கேட்கும் நேரத்தில் கிடைக்காமல் போகலாம்.

போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில், அருகில் உள்ள அவசர மருத்துவகம் எது, மருத்துவமனையின் ‘எமர்ஜென்சி’ எனப்படும் உயிர்காப்புப் பிரிவு எது என்று பிள்ளைகளிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலுக்கும் சுளுக்குக்கும் அங்கே ‘அர்ஜென்ட் கேர்’ எனப்படும் சிறிய மருத்துவகங்கள் உள்ளன. அவற்றுக்குப் போக வேண்டிய காரியத்துக்கு ‘எமர்ஜென்சி’ வாசலில் நுழைந்தால் கட்டணம் பல மடங்காகும். ஆனால் நெஞ்சுவலியோ பேச்சுக் குழறலோ என்றால் கணக்குப் பார்க்காமல் அவசர உதவி எண்ணான 911ஐ அழைக்க வேண்டும்.

ஐந்தாம் படி: பூட்டிவிட்டுப் போகும் வீடு

மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும். இணைப்பு எண்ணைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டால் அங்கிருந்தே கட்டலாம். சொத்துவரி அரையாண்டுக் கணக்கு. ஏப்ரலிலும் அக்டோபரிலும் புதிய அரையாண்டு தொடங்குகிறது. எல்ஐசி தவணை, இங்கே உள்ள மருத்துவக் காப்பீட்டின் புதுப்பிப்பு நாள், வண்டிக் காப்பீடு ஆகியவற்றை ஒரே தாளில் தேதிவாரியாக எழுதுங்கள். இந்திய மருத்துவக் காப்பீடு விட்டுப்போனால், பல ஆண்டு காத்திருந்து பெற்ற சலுகைகளும் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள்.

மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டும். எண்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியத்துக்கு, கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். மாநில அரசு ஓய்வூதியர்கள் தங்கள் நேர்காணல் மாதத்தைக் கருவூலத்தில் உறுதிசெய்துகொண்டு பயணத் தேதியை அமைக்க வேண்டும். ‘ஜீவன் பிரமாண்’ திட்டத்தில் கைப்பேசி வழியே முக அடையாளம் காட்டிச் சான்றிதழ் கொடுக்கும் வசதியும் இருக்கிறது. அதைப் புறப்படும் முன்பே ஒரு தடவை செய்து பழகிக்கொள்ளுங்கள்.

நகைகளை வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்தில் வீடு பூட்டியிருக்கும் காலத்தை எழுதிக் கொடுங்கள். எரிவாயு உருளையின் ரெகுலேட்டரைக் கழற்றுங்கள். குளிர்பதனப் பெட்டியைக் காலி செய்து, கதவைச் சற்றே திறந்து வையுங்கள். ஒரு சாவி நம்பகமான பக்கத்து வீட்டில் இருக்கட்டும். துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற மட்டுமல்ல, மேல்நிலைத் தொட்டி ஒழுகினால் பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும்.

ஆறாம் படி: பணமும் கைப்பேசியும்

வங்கியின் ஓடிபி எல்லாம் இந்திய எண்ணுக்கே வரும். ஆகவே அந்த சிம்மில் வெளிநாட்டுச் சேவையை இங்கிருக்கும்போதே இயக்கி, தேவையான ரீசார்ஜைப் பிள்ளைகள் தொடர்ந்து செய்யும்படி ஏற்பாடு செய்யுங்கள். முன்கட்டண எண் தொண்ணூறு நாள் பயன்பாடில்லாமல் கிடந்தால் பறிபோகும் வாய்ப்புண்டு. ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்து, வங்கிக்கும் ஆதாருக்கும் கொடுத்த எண் வேறொருவர் கையில் இருப்பதைக் காண்பது பெருந்துன்பம்.

இந்திய ரூபாய் 25,000 வரை உடன் கொண்டுபோகலாம். திரும்பி வந்து இறங்கியதும் வாடகை வண்டிக்கு உதவ, ஐயாயிரம் போதும். நகை அணிந்து செல்வதாக இருந்தால், புறப்படும் விமான நிலையத்தில் சுங்கத் துறையிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று பெற்றால், திரும்பும்போது அது இங்கே வாங்கியதுதான் என்று நிறுவ வசதியாக இருக்கும்.

ஏழாம் படி: பெட்டி

அமெரிக்கப் பயணத்துக்குப் பல விமான நிறுவனங்கள் ஆளுக்கு 23 கிலோ வீதம் இரண்டு பெட்டிகளை அனுமதிக்கின்றன. எதைக் கொண்டுபோகலாம் என்பதைவிட எதை வேண்டாம் என்பதைத் தெரிந்துகொள்வது பயன் தரும்.

பச்சைக் கறிவேப்பிலைக்கு அமெரிக்காவில் தடை. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் ஒரு சிறு பூச்சி கறிவேப்பிலையில் குடியிருக்கும் என்பதே காரணம். பழம், காய், விதை, இறைச்சி எதுவும் வேண்டாம். தானியங்களைத் தின்னும் வண்டு ஒன்றைத் தடுப்பதற்காக இந்தியாவிலிருந்து வரும் பயணப் பெட்டியில் அரிசிக்கும் கொண்டைக்கடலைக்கும் தடை இருக்கிறது; பொன்னி அரிசி அங்குள்ள இந்தியக் கடைகளிலேயே கிடைக்கும்போது அதைச் சுமப்பானேன்? கொப்பரைத் தேங்காயும் கற்பூரமும் தீப்பற்றும் பொருள்கள் என்பதால் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள். பூசைச் சாமான் பையில் கற்பூரம் இருப்பதை மறந்துவிடுகிறவர்கள் மிகப் பலர். கசகசா அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் தடைசெய்யப்பட்ட பொருள். அவ்வழியாகப் போகிறவர்கள் குருமாவுக்கு முந்திரியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இட்லிப் பொடி, சாம்பார்ப் பொடி வகையறாக்களைச் சரக்குப் பெட்டியில் வையுங்கள். 350 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட பொடிகள் கைப்பையில் இருந்தால், அமெரிக்கா செல்லும் விமானங்களில் தனிச் சோதனைக்கு உள்ளாகும். ஒவ்வொரு பொட்டலத்திலும் ஆங்கிலத்தில் பெயர் எழுதி ஒட்டுங்கள். இறங்கியதும் உணவுப் பொருள் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றே சொல்லுங்கள். அறிவித்த பொருள் தடையானதாக இருந்தால் அதை எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள்; மறைத்தால் அபராதம்.

இந்திய மிக்சியைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட். நம் 230 வோல்ட் மிக்சி அதில் முனகுமே தவிர அரைக்காது. அந்த மின்னழுத்தத்துக்கென்றே செய்த மிக்சியும் கிரைண்டரும் அங்கே விற்கின்றன.

எட்டாம் படி: பயணமும் குடிவரவு மேசையும்

முழங்கால் வலியோ மொழித் தயக்கமோ உள்ளவர்கள் சக்கர நாற்காலி உதவியை முன்கூட்டியே பதிவு செய்யலாம், கட்டணம் இல்லை. இதில் கௌரவக் குறைவு பார்க்க வேண்டியதில்லை, விமானம் மாறும் பெரிய நிலையங்களில் அது கால்களைக் காப்பதோடு வழியையும் காட்டும். நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் இரத்தம் உறையும் அபாயம் உண்டு என்பதால், ஓரிரு மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்கவும் தண்ணீர் குடிக்கவும் வேண்டும். மகன் வீட்டு முகவரி, கைப்பேசி எண், திரும்பும் பயணச்சீட்டு மூன்றையும் காகிதத்தில் அச்சிட்டுக் கைப்பையில் வையுங்கள்.

விசா பத்தாண்டுக்குச் செல்லும் என்பதால் பத்தாண்டு தங்கலாம் என்றாகாது. வாசல் வரை வர அனுமதிப்பதே விசா; எத்தனை நாள் தங்கலாம் என்பதைக் குடிவரவு மேசையில் இருக்கும் அதிகாரிதான் முடிவு செய்கிறார். பொதுவாக ஆறு மாதம் தருவார்கள். எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்டால், திரும்பும் பயணச்சீட்டில் உள்ள தேதியையே சொல்லுங்கள். ஓரிரு நாளில் ஐ-94 என்ற வருகைப் பதிவை அரசுத் தளத்திலிருந்து இறக்கி, அதில் உள்ள கடைசித் தேதியைச் சரிபாருங்கள். அந்தத் தேதிக்குப் பின் தங்கினால் அந்த விசா செல்லாததாகிவிடும். 180 நாளுக்கு மேல் கூடுதலாகத் தங்கினால் மூன்றாண்டும், ஓராண்டுக்கு மேல் என்றால் பத்தாண்டும் நுழையத் தடை வரும். உடல்நிலை போன்ற காரணத்தால் நீட்டிப்பு தேவைப்பட்டால், தேதி முடியும் முன்பே ஐ-539 படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: மூன்றாவது வாரம்

முதல் இரண்டு வாரம் தூக்கம் கலைவதிலும் ஊர் சுற்றுவதிலும் போய்விடும். மூன்றாவது வாரத்தில் பிள்ளைகள் வேலைக்குத் திரும்பியதும் வீடு அமைதியாகிவிடும். தெருவில் காய்கறி வண்டி வராது, ஆட்டோ கிடையாது, வாசலில் நின்றால் பேச ஓர் ஆள் தென்பட மாட்டார். புறநகர்களில் கார் இல்லாமல் ஒரு கடைக்குக் கூடப் போக முடியாத இடங்கள் பல. பெற்றோர் மிகக் குறைவாகத் தயாராகி வருவது இதற்குத்தான். ‘எப்போது ஊருக்குப் போவோம்’ என்ற பேச்சும் இந்த வாரத்தில்தான் தொடங்குகிறது.

இதற்கும் புறப்படும் முன்பே ஏற்பாடு செய்யலாம். மகன் குடியிருக்கும் பகுதியில் நடந்து போகும் தூரத்தில் பூங்காவோ பொது நூலகமோ உண்டா, இதே பருவத்தில் வேறு எந்த வீட்டுக்குப் பெற்றோர் வருகிறார்கள், கோயில் எவ்வளவு தொலைவு என்று கேளுங்கள். நியூயார்க்கின் ஃபிளஷிங் பிள்ளையார் கோயிலும் பிட்ஸ்பர்க் வேங்கடேசுவரர் கோயிலும் 1970களிலேயே எழுந்தவை. கலிபோர்னியாவின் கான்கார்டிலும் மேரிலாந்தின் லான்ஹாமிலும் முருகன் கோயில்கள் உள்ளன. ஃபிளஷிங் கோயிலின் உணவகத்துத் தோசைக்காகவே வருகிறவர்கள் உண்டு, அது தனிக் கதை. முதல் முறை செல்பவர்கள் ஏப்ரல் கடைசியில் புறப்பட்டு அக்டோபரில் திரும்புவதுபோல் அமைத்துக்கொண்டால், பனியில் கதவுக்குப் பின்னே அடைபடாமல் தினமும் மாலையில் நடக்க முடியும். வடக்கு மாநிலங்களுக்குப் போகிறவர்களுக்கு இது மேலும் பொருந்தும். பேறுகாலம் டிசம்பரில் என்றால் வேறு வழியில்லை. அப்போது கனத்த குளிர்ச் சட்டையை இங்கே வாங்காமல், அளவு பார்த்து அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.